தூசியைத் தட்டுவது போல

ஆங்கிலத்தில் ‘ப்ரஷ் ஆஃப்’ என்று ஒரு பிரயோகம் இருக்கிறது. நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஆனாலும் இந்தச் சொல்லை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. பம்பாயில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவதற்கும் அந்தச் சொல்தான். எதிரே நிற்கிற மனிதனை, அவன் சொல்ல வந்ததைக் கேட்காமலேயே அனுப்பிவிடுவதற்கும் அதுதான். தமிழில் துரத்து என்போம், விரட்டு என்போம். அவற்றில் கோபம் இருக்கிறது. விரட்டுகிறவன் ஒரு கணமாவது எதிராளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். தட்டிக்கழிப்பது என்று ஒன்று உண்டு, அது ஓரளவு கிட்டே வருகிறது. ஆனால் நாம் வேலையைத் தட்டிக்கழிப்போம், பொறுப்பைத் தட்டிக்கழிப்போம். ஓர் ஆளைத் தட்டிக்கழித்தேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆங்கிலச் சொல்லில் கோபம் என்பதே கிடையாது. தூசியிடம் யாருக்குக் கோபம் வரும்?

அறுபதுகளில் செம்பூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கே விசாரணை குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் தலைமை குமாஸ்தா கோவாக்காரர். வெயிலோ மழையோ கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவார். மேஜை டிராயரில் ஒரு துணி பிரஷ் வைத்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும் முன் எழுந்து நின்று இரண்டு தோளையும் மெதுவாகத் துடைத்துக்கொள்வார். அன்று ஜன்னலில் வந்து கத்தியவர்கள், அழுதவர்கள், காலில் விழுந்தவர்கள் எல்லாரையும் அங்கேயே உதிர்த்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடன் நான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னை அருகில் அழைத்தார்.

“சண்டை போடாதே, மேன். சண்டை போட்டால் நாளைக்கும் வருவான். ப்ரஷ் ஹிம் ஆஃப்.”

“எப்படி, ஸார்?”

“முகத்தைப் பார்க்காதே. தோளைப் பார். அவன் கேட்டு முடிக்கும் முன்னாலேயே பதில் சொல்லிவிடு. பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொல்லு.”

அவர் கெட்டவர் இல்லை. எங்களிடம் இருந்த படுக்கைகள் கொஞ்சம், வந்தவர்களோ கணக்கில்லை. அப்படி ஒரு தோல் வளர்த்துக்கொள்ளாமல் அந்த நாற்காலியில் ஒருவன் உட்கார முடியாது. அவர் சொன்ன வாக்கியத்தில் மனிதன் ‘ப்ரஷ்’ஷுக்கும் ‘ஆஃப்’புக்கும் நடுவில் ‘ஹிம்’மாக மாட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சீக்கிரமே தேர்ச்சி பெற்றேன். பெருமையாகக்கூட இருந்தது. மாட்டுங்காவில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் பம்பாயில் பெரியம்மை பரவியிருந்தது. முனிசிபாலிட்டி ஆட்கள் தெருத்தெருவாக வந்து அம்மை குத்தினார்கள். எந்த வீட்டிலாவது அம்மை கண்டவர்கள் படுத்திருந்தால் வண்டியில் ஏற்றித் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போனவர்கள் திரும்புவதில்லை என்று ஜனங்கள் நம்பினார்கள். அதனால் ஒளித்து வைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு இன்னும் அம்மை குத்தவில்லை. நான் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, குளித்துவிட்டுத்தான் தொட்டில் பக்கம் போவேன். என் கையில் குத்திய தழும்பு இருந்தது. எனக்கு வராது என்று நன்றாகத் தெரியும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஒரு நாள் காலை, பதினோரு மணி போல, வார்டு சிஸ்டர் ஜன்னலுக்கு வந்தாள். மராத்திக்காரி. யாராவது புரியாத பாஷையில் பேசினால் என்னைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். விந்தியத்துக்குத் தெற்கே இருக்கிற எல்லாரும் அவர்களுக்கு மதராஸி. எனக்கு எல்லா மதராஸி பாஷையும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

“ஏ மதராஸி பாபு, ஸரா ஆவ். தும்ஹாரா ஆத்மி ஹை, கியா போல்தா ஹை சமஜ்தா நஹி.” உன் ஆள் ஒருவன், என்ன சொல்கிறான் என்று புரியவில்லை, கொஞ்சம் வா என்றாள்.

போனேன். கதவை ஒட்டிய கட்டிலில் ஒருவன் கிடந்தான். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. பக்கத்துத் தெருவில் ஒரு பங்களாத் தோட்டத்து மரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். திருட ஏறியவன் என்று அந்த வீட்டுக் காவல்காரன் கைவண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். தலையில் கட்டு. காதிலிருந்து ரத்தம் வடிந்து உலர்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் தாராவித் தோல் கிடங்குகளில் பதனிடும் பட்டைச் சாயத்தில் ஊறிப் பழுப்பாக இருந்தன. பனியனுக்குள்ளே, நெஞ்சோடு அணைத்த மாதிரி, ஒரு கொத்து வேப்பிலை.

வேப்பிலையைப் பார்த்ததுமே அவன் வீட்டில் யாருக்கோ அம்மை என்று எனக்குப் புரிந்துவிட்டது. தாராவியில் வேப்பமரம் கிடையாது. செம்பூர் பங்களாக்களில்தான் உண்டு.

“நம்ம பக்கமாய்யா நீங்க?” என்றான். நான் பதில் சொல்வதற்குள், “சாமி, தாராவி, தோல் கெடங்குக்குப் பின்னால சந்து. நீலக் கதவு. தங்கச்சி உள்ள கெடக்கா. அம்மை போட்டிருக்கு” என்றான்.

திருநெல்வேலிப் பேச்சு. ஒவ்வொரு எழுத்தும் எனக்கு விளங்கியது.

“ஊசிக்காரனுவ வருவானுவன்னு வெளிய பூட்டிப்போட்டு வந்தேன்யா. பூட்டிக் கெடந்தா ஆள் இல்லன்னு போயிருவானுவல்லா. வேப்பெல ஒடிச்சுக்கிட்டு ஒரு எட்டுல வந்துருதேன் தாயின்னு சொல்லிட்டு வந்தேன். இருந்த தண்ணியக் குடிச்சிருப்பா. கூப்புட அவளுக்குத் தொண்ட கெடையாது, தொண்டைக்குள்ளயும் போட்டிருக்கு. சாவி அரணாக்கயித்துல கெடக்கு பாருங்க. அவுத்துக்கிடுங்க.”

அவன் கையை இடுப்புக்குக் கொண்டுபோகப் பார்த்தான். முடியவில்லை. நான் பார்த்தேன். கறுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன இரும்புச் சாவி முடிந்திருந்தது.

“கியா போல்தா ஹை?” என்றாள் சிஸ்டர்.

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பது வரிசையாக என் மனதில் ஓடியது. முனிசிபாலிட்டிக்கு போன் போகும். வண்டி வரும். பாஷை தெரிந்தவன் நான்தான் என்று என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். அந்தச் சந்துக்குள், அந்தக் கதவுக்குள் நான் போக வேண்டியிருக்கும். பிறகு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தொட வேண்டியிருக்கும்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தேன்.

“குச் நஹி, சிஸ்டர். புகார் மே பக்தா ஹை. யே மேரா பாஷா பீ நஹி ஹை” என்றேன். ஒன்றுமில்லை, ஜுரத்தில் பிதற்றுகிறான், இது என் பாஷைகூட இல்லை.

பம்பாயில் கூலி வேலை செய்கிறவனுக்கு அந்த அளவு ஹிந்தி தெரியாமல் இருக்குமா? அவன் பேச்சை நிறுத்தினான். என் சட்டைக் கையில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. விரல் நுனியால் தட்டிவிட்டேன். அது அவன் கட்டில்மேல் விழுந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன் என்று நினைக்கிறேன். அப்படித்தான் பழகியிருந்தேன்.

சாயங்காலம் புறப்படும்போது சிஸ்டர் சொன்னாள், என் மதராஸி இறந்துபோய்விட்டான் என்று.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். “ஏன்னா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? முதல்ல குளிச்சுட்டு வாங்கோ” என்றாள். குளித்தேன். ஒவ்வொரு சொம்பு தண்ணீர் விழும்போதும் தண்ணீர் என்ற சொல்லே காதில் கேட்டது. சாப்பிட்டேன். தூங்கினேனா என்று நினைவில்லை.

மறுநாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து வந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். பிணவறையில் அந்தச் சாவி இருந்தது. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் சயான் தாண்டும்போது தாராவியின் தோல் பதனிடும் நாற்றம் உள்ளே வந்தது. தினமும் வருவதுதான். எல்லாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். நான் இறங்கிவிட்டேன்.

கிடங்குக்குப் பின்னால் இருந்த சந்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. தாராவியில் எந்தச் சந்துக்குள் போனாலும் சத்தம் அடைத்துக்கொண்டு நிற்கும். அங்கே பேச்சே இல்லை. அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன, குழந்தைகள் வாசலில் உட்கார்ந்திருந்தன, யாரும் குரலை உயர்த்தவில்லை. அம்மை இறங்கிய வீட்டைச் சுற்றி நம் ஊரில் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். வாசலில் வேப்பிலை கட்டினால் ஊசிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அதை மட்டும் கட்டவில்லை.

நீலக் கதவு. பெயிண்ட் புதிது. அதில் பூட்டு தொங்கியது.

குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும்.

“ஊசிக்காரரா?”

“இல்லம்மா.”

“பெறவு இங்க என்ன சோலி? பேண்டும் சட்டையும் பலமா இருக்கு.”

“அந்த நீலக் கதவு வீட்டுல…”

நான் முடிக்கவில்லை. “அங்கன ஆளு இல்ல. ஊருக்குப் போயாச்சு. பூட்டு தொங்குதது கண்ணுக்குத் தெரியலியா?”

அவள் பின்னால் நின்ற இன்னொருத்தி, “கண்ணாடி போட்டிருக்காருல்லா, பெறவு எப்பிடித் தெரியும்?” என்றாள். இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

அப்போதுதான் அது கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து. தட்டுகிற சத்தம் இல்லை. கதவின் அடியில், தரைக்குச் சற்று மேலே, எதையோ வைத்துத் தடவுகிற சத்தம். சர்… சர்… நிற்கும். மறுபடியும் சர்… தலைமை குமாஸ்தா கோட்டைத் துடைக்கும்போது வருமே, அதே மாதிரி மெதுவாக, அவசரமே இல்லாமல்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

“எலி” என்றாள் குடத்துக்காரி. “தோல் கெடங்கு எலி பூனை தண்டி இருக்கும்.”

“எலியா?”

“எலிதான்.”

பின்னால் நின்றவள் அவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “அண்ணங்காரன நேத்துலருந்து காங்கலியே, மைனி.” குடத்துக்காரி அவளை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அந்த வீட்டுப் பயல ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர்கள் அந்தப் பெண்ணை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வருவான், சாவி அவனிடம் இருக்கிறது, ஆத்தா இருக்கிற வீட்டை அந்நியர் தொடக்கூடாது என்று காத்திருந்தார்கள். அவன் வரமாட்டான் என்று தெரிந்தவன் அந்தச் சந்தில் நான் ஒருவன்தான். செத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. எப்போது, எங்கே, உனக்கு எப்படித் தெரியும், தெரிந்தும் நேற்றே ஏன் வரவில்லை என்று அவள் அடுத்தடுத்துக் கேட்டிருப்பாள்.

“தெரியாது” என்றேன்.

“தெரியாதுல்லா? அப்பம் போயிட்டு வாங்க.”

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். என்னை ஒருவர் அப்படி அனுப்பியது அன்றுதான். அதில் எவ்வளவு சுகம் இருந்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தூசி தானாக உதிர்வது போல நான் அந்தச் சந்திலிருந்து உதிர்ந்தேன். முயற்சி செய்தாயிற்று, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொண்டே சயான் ஸ்டேஷன் வரை நடந்தேன். சத்தம் கூடவே வந்தது. ஒரு கடை வாசலில் ஒருவன் பெருக்கிக்கொண்டிருந்தான், அதுதான் என்று நினைத்தேன். அவனைத் தாண்டிய பிறகும் கேட்டது.

வீட்டில் குளித்துவிட்டுத் தொட்டிலருகே போனேன். குழந்தை தூக்கத்தில் விரல்களை மூடி மூடித் திறந்தது. கையில் எதையோ பிடித்துக்கொண்டு தடவுகிற மாதிரி இருந்தது. எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் நேராகத் தலைமை குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, “அன்றைக்கு உனக்குப் புரியவில்லையா?” என்றார்.

“புரியவில்லை, ஸார். எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான்…”

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் அவர் கோட்டின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய், பிணவறையிலிருந்து சாவியை அவரே வாங்கி வந்தார். முனிசிபாலிட்டிக்கு போன் செய்தார். வண்டியில் என்னோடு அவரும் ஏறினார். ஏற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

எங்களோடு வந்த முனிசிபாலிட்டியின் காக்கிச் சட்டை ஆட்களைப் பார்த்ததும் சந்து விலகியது. குடத்துக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். சாவி என் கையில் இருந்தது. கதவைக் காட்ட வேண்டியவன் நான் என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார்கள். காதைக் கதவோரம் வைத்துக் கேட்டேன். அன்றுதான் அந்தச் சத்தம் இல்லை.

பூட்டு சுலபமாகத் திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே எதுவோ அதில் சாய்ந்திருந்தது. காக்கிச் சட்டைக்காரர் மெதுவாகத் தோள் கொடுத்துத் தள்ளினார்.

அந்தப் பெண்ணைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பதினாறு வயது இருக்கலாம். வெகுநேரம் ஆகியிருக்காது, விடியற்காலைதான் என்றார் வண்டியில் வந்தவர். மடித்த கையில், இலையெல்லாம் தேய்ந்து குச்சியாகப்போன வேப்பங்கொத்து இருந்தது. உடம்பு அரிப்புக்குத் தடவிக்கொள்ள அண்ணன் முன்பே கொண்டுவந்து கொடுத்திருந்தது. தட்டத் தெம்பில்லாமல், குரலும் இல்லாமல், அதை வைத்துத்தான் கதவைத் தடவியிருக்கிறாள். நீலக் கதவின் உட்புறம் அடிப்பலகை மட்டும் பச்சையாகியிருந்தது. ஒரு கை எட்டுகிற அகலத்துக்கு, அரைவட்டமாக.

குடத்துக்காரி வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அவன் எங்கய்யா? சாவி ஒங்க கைக்கு எப்பிடி வந்துது?”

“அவன் செத்துட்டாம்மா. முந்தாநாள்.”

“முந்தாநாளா? அப்பம் நேத்து வரும்போதே ஒமக்குத் தெரியும்?” அவள் குரல் உயரவே இல்லை. “ஆத்தா நடமாடுதான்னுல்லா நாங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னோம். அவன் செத்துட்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீருன்னா பூட்ட ஒடச்சிருப்போமேய்யா. ஒரு வார்த்த.”

தலைமை குமாஸ்தா என் பக்கம் குனிந்தார். “அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?”

“நத்திங், ஸார்” என்றேன், கையை லேசாக உதறி.

இரண்டாவது தடவை. முதல் தடவையாவது எனக்கு ஒரு பயம் இருந்தது. இந்தத் தடவை அந்த வீட்டில் காப்பாற்ற யாரும் மிச்சமில்லை, பயப்படவும் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. குடத்துக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் கை காட்டிய ஜாடை தெரிந்திருக்கும். அவள் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் கிடந்த அவனும் அப்படித்தான் நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் தலைமை குமாஸ்தா டிராயரைத் திறந்தார், பிரஷ்ஷைப் பார்த்தார், மூடிவிட்டார். கோட்டில் சந்துச் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அப்படியே வீட்டுக்குப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. மனைவியும் இல்லை. மகளோடு செம்பூரிலேயே இருக்கிறேன். அந்தத் தொட்டில் குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவுக்கு வயசாகிவிட்டதால் கதவைத் தாழ்போட விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கதவோரம் தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பேன். அதையும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டாள். காலையில் பார்த்தால் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும். பம்பாய்ச் சூட்டில் குறையத்தான் செய்யும். நான் படித்தவன், எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். விளக்குப் போடும் நேரம். கதவின் அடியில் அது கேட்டது. இத்தனை வருஷங்களாக எனக்கு மட்டுமே கேட்டு வந்த சத்தம். சர்… சர்…

மகள் காய் நறுக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாள்.

“என்னப்பா அது?”

நான் எழுந்தேன்.

“எலியா இருக்கும்ப்பா. விடுங்கோ, உக்காருங்கோ” என்றாள்.

உட்காரவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வெளியே வராந்தாவில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. குனிந்து, தம்ளரை வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

“உங்க அண்ணன் வரமாட்டான் தாயி” என்றேன். “அவன் செத்துட்டான். எனக்குத் தெரியும்.”

“யாருகிட்டப்பா பேசறேள்?” என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.